இல்லையண்ணனுக்காக வேண்டிக்கொள்வது

“உங்க கையில சாவி இருந்தா எங்களுக்கு மட்டும் எப்பவும் ‘இப்பத்தான் பூட்டினோம்’தான்.”

“பூட்டாம என்ன சிஸ்டர் பண்றது? போன வாரம் உங்க மெழுகு என் பாய்ல ஒட்டி, அதைச் சுரண்டவே அரை நாள் போச்சு.”

“மெழுகாவது சுரண்டினா போயிடும். நான் வச்ச விளக்கைத் தூக்கிக் கைகழுவுற தொட்டியில போட்டது யாரு? முதல்ல அதைச் சொல்லுங்க.”

நான் மருத்துவமனையில் துணி அறையில் தையல் வேலை பார்க்கிறேன். கிழிந்த படுக்கை விரிப்பு, தலையணை உறை, வார்டுத் திரை எல்லாம் என்னிடம்தான் வரும். எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். மெஷினை நிறுத்தினால் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

பக்கத்து அறை பிரார்த்தனை அறை. முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நோயாளிகளின் உறவுக்காரர்கள் படிக்கட்டிலும் லிஃப்ட் வாசலிலும் உட்கார்ந்து கும்பிடுவதைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நிர்வாகம் அதைக் காலி செய்து கொடுத்தது. பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து சண்டையும் பொதுவாகிவிட்டது. சண்டை போட்ட மூன்று பேரும் எங்கள் ஊழியர்கள்தான். மெழுகுவர்த்தி வைக்கிற தலைமை நர்ஸை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்போம். பாய் விரிக்கிற ஆம்புலன்ஸ் டிரைவருக்கு சைரன் என்று பெயர், பேச ஆரம்பித்தால் அப்படித்தான் இருக்கும். விளக்கு வைக்கிறவர் ரத்தம் எடுக்கிற லேப் ஆள். அவர் ஊசி.

நடுவில் நிர்வாக அதிகாரியின் குரல் கேட்டது. மூன்று பேரிடமும் சாவி கிடையாது, எந்தப் பக்கமும் சேராத ஆள் ஒருத்தரைக் காட்டுங்கள், அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று அலுத்துப்போய்ச் சொன்னார். 

“அப்ப இல்லையண்ணன்கிட்டதான் கொடுக்கணும்” என்றார் ஊசி. எல்லாரும் சிரித்தார்கள்.

சைரன் மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க. அந்த ஆளுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது. அதனாலதான் அவரை நம்பலாம்னு சொல்றேன்.”

எனக்கு மிதிக்கட்டையில் கால் தவறி, தையல் கோணலாக ஓடிவிட்டது. இல்லையண்ணன் என் வீட்டுக்காரர்.

அவர் அதே மருத்துவமனையில் ஸ்டோர் கீப்பர். பல்பு, குழாய், ஸ்ட்ரெச்சர் சக்கரம், கதவுப் பிடி என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் முதல் பதில் “இல்லை”. மறுபடி கேட்டால் “எதுக்கு?” மூன்றாவது தடவை கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார். கடவுளைப் பற்றிக் கேட்டாலும் முதல் பதில் அதேதான். ஆனால் அது எத்தனை தடவை கேட்டாலும் மாறாது. மேடை ஏறுகிறவர் இல்லை, யாரிடமும் வலியப் போய் வாதம் செய்கிறவரும் இல்லை. நடிக்க மாட்டார், அவ்வளவுதான். கல்யாணம் பேசியபோதே என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார், தான் எதையும் கும்பிட மாட்டார், நான் கும்பிட்டால் கேலி செய்யவும் மாட்டார் என்று. இரண்டையும் இன்றுவரை காப்பாற்றுகிறார். எனக்கு நம்பிக்கை உண்டு. பெரிதாக ஒன்றும் இல்லை, படுக்கும் முன் நாலு வார்த்தை.

அன்று மதியமே மூன்று பேரும் அதிகாரியோடு ஸ்டோருக்குப் போனார்கள். இல்லை என்றார். எதுக்கு என்றார். அப்புறம் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஸ்டோரை எப்படி வைத்திருப்பாரோ அப்படித்தான் அந்த அறையையும் வைத்தார். அலமாரியில் ஆளுக்கொரு தட்டு. நடுவில் ஒரு திரை, அது நான் தைத்தது. தீப்பெட்டிக்கு அனுமதி இல்லை, சுவருக்குப் பின்னால் ஆக்சிஜன் குழாய் போகிறது என்று விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் பதிலாக பேட்டரியில் எரிகிறதை வாங்கி வைத்தார். சாமிக்கு பேட்டரி விளக்கா என்று ஊசி முகத்தைச் சுளித்தாராம்.

“சாமிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆக்சிஜனுக்கு என்ன வேண்டாம்னு தெரியும்.”

உள்ளே யார் என்ன கேட்டாலும் வெளியில் இருக்கிறவர் விசாரிக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டார். முக்கியமாக அது தனக்காகத்தான் என்றார், கேட்டுவிட்டால் பதில் சொல்ல வாய் வரும். ஆளுக்கு ஒரு நேரம் பிரித்தார். வராதவர்களை விடமாட்டார். நேற்று ஏன் வரவில்லை, வரமாட்டேன் என்றால் அந்த நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பேனே என்று வழியில் நிறுத்திக் கேட்பார். சைரன் ஒரு நாள் தலையணை உறை வாங்க வந்தவர் என்னிடம் புலம்பினார். “எங்க பெரியவங்ககூட என்னை இப்படிக் கேட்டதில்லக்கா. இவருக்குப் பயந்துக்கிட்டே ஒரு வேளை விடாம வர்றேன்.”

ஆக அந்தக் கட்டடத்தில் எல்லாரையும் ஒழுங்காகச் சாமி கும்பிட வைத்த ஆள், சாமி இல்லை என்கிறவர். இதைச் சொல்லி நான் வீட்டில் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது. அது நேரம் தவறாமை, பக்தி இல்லை என்பார்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. நரைத்த தலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற ஆள், பேச்சே இல்லை. நோயாளிகளின் உறவுக்காரர்கள் என் வீட்டுக்காரரைப் பெரிய மகான் என்று நினைக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் பையன் பிழைத்துவிடுவானா என்று கேட்டிருக்கிறார். இவர் தெரியாதம்மா என்று சொல்லி, டாக்டர் இருந்த மாடிக்கு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறார். பையன் தேறிவிட்டான். அந்த அம்மா சும்மா இருப்பாரா. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், பேசாமல் கூட்டிக்கொண்டு போவார், போன இடத்தில் காரியம் நடக்கும் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் வேறு யாராவது கதவைத் திறந்தால் உள்ளே போகாமல் நின்றார்கள், அவர் கையால் திறக்க வேண்டுமாம். ஒருத்தர் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இந்த வயசுல என்னைச் சாமியாராக்கிடுவாங்க போல” என்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, யாருடைய சட்டையையோ தெரியாமல் போட்டுக்கொண்டு வந்துவிட்ட ஆள் மாதிரி கூச்சம்தான் இருந்தது.

அதற்காகத்தான் ஒரு போர்டு. தான் யார் என்று வாசலிலேயே எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று அதிகாரியிடம் அனுமதி வாங்கினார். வாசகத்தை அவரே சொன்னார். வார்த்தையையும் ஸ்டோர் பொருள் மாதிரி அளந்துதான் செலவு செய்வார். பெயின்டர் அப்படியே எழுதி மாட்டிவிட்டார்:

பொறுப்பாளர்: நம்பிக்கை இல்லாதவர்.

மறுநாள் முதல் வந்தவர்கள் எல்லாரும் செருப்பைப் பையில் போட்டுக் கையோடு உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் கைப்பையை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் நேராக அலுவலகத்துக்குப் போய், ஆள் நம்பிக்கை இல்லாதவர் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, போர்டும் போட்டிருக்கிறீர்கள், அப்படிப்பட்டவர் கையில் ஏன் சாவியைக் கொடுத்தீர்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார்.

அதிகாரி மூன்று பேரையும் இவரையும் கூப்பிட்டுப் பேசினார். முன்னால் ‘கடவுள்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதுமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பெரிய சிஸ்டர் தயங்கினார். அப்படிப் போட்டால் ஜனங்கள் உள்ளே வரவே யோசிப்பார்கள் என்றார். மற்ற இரண்டு பேரும் அதற்குத் தலையாட்டினார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

“என்னைத் திருடன்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. கடவுள் இல்லைங்கிறவன்னு தெரிஞ்சா மட்டும் வர மாட்டாங்களா?” என்று கேட்டாராம்.  போர்டைக் கழற்றிவிட்டார்கள். அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. திருடன் என்று நினைத்தது அவரை அவ்வளவு உறுத்தவில்லை என்று எனக்குப் பட்டது.

இதெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் ஸ்டோரில் ஏணி மேல் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரிசோதித்துப் பார்த்தால் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். செய்தி லிஃப்ட்டை முந்திக்கொண்டு எல்லா மாடிக்கும் போய்விட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மூன்று பேரும் சேர்ந்து வார்டுக்கு வந்தார்கள். நாளைக்கு உங்களுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னார்கள். இவர் நன்றி சொல்லிவிட்டு, வேண்டாம் என்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து, இதில் என்ன அண்ணா இருக்கிறது என்றார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“பிழைச்சா உங்க வேண்டுதல்னு சொல்வீங்க. செத்தா என் கொள்கைன்னு சொல்வீங்க. ரெண்டுலயும் எனக்கு ஒண்ணும் இல்ல. கஷ்டப்பட்டு வெட்டித் தைக்கிற டாக்டருக்கும் ஒண்ணும் இல்ல.”

 பெரிய சிஸ்டர்தான் மெதுவாகச் சொன்னார். “உள்ள யாரு என்ன கேக்குறாங்கன்னு விசாரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணா விதி போட்டீங்க.”

அவர் மறுபடி சாய்ந்து படுத்துக்கொண்டார். விதி விதிதான். அவர்கள் போன பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நேரத்துக்குத் திறக்க வேண்டும், யாரையும் தடுக்கக் கூடாது என்று வேலையைச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“அவங்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்ல. உன்கிட்ட மட்டும்தான் கேக்க முடியும். தினம் நீ முணுமுணுக்குறதுல நான் வர்றேன்னு தெரியும், அதுக்கு நான் எதுவும் சொன்னதில்ல. நாளைக்கு மட்டும் எனக்காக எதையும் கேக்காத. இத்தனை வருஷம் நடிக்காம இருந்துட்டேன். கண்ணு முழிக்காமப் போனாலும், ஒருத்தராவது என்னை நான் இருந்தபடியே விட்டாங்கன்னு இருக்கட்டும்.”

சரி என்றேன்.

“சத்தியமா?”

“எதுமேல பண்ணச் சொல்றீங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். வெறும் சரியே போதும் என்றார்.

மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு நான் போய் அறையைத் திறந்தேன். மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் வந்தார்கள். நடுத்திரையை ஊசி ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினார். சைரனின் பாயில் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறை திறந்ததிலிருந்து அப்படி ஒரு ஒற்றுமையை யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்த்திருந்தால் என் வீட்டுக்காரருக்கு நேர ஒழுங்கு போச்சே என்றுதான் இருந்திருக்கும்.

நான் அவர் நிற்கிற இடத்தில் நின்றேன். கும்பிடத் தெரியாதவருக்குக் கும்பிடாமல் இருப்பது சுலபம். எனக்கு நாக்கு பழக்கத்தில் தானாக ஆரம்பிக்கும். முதல் வார்த்தையிலேயே கடித்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். வேறு எதையாவது நினைக்க வேண்டும் என்று தலையணை உறைக்கு எவ்வளவு மடிப்பு விட வேண்டும், வார்டுத் திரைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று அளவுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பசியோடு இருக்கிறவள் சோற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

பெரிய சிஸ்டர் வெளியே வந்து என் தோளைத் தொட்டார். “உள்ள வாங்கக்கா. உங்க வேண்டுதல்தான் முதல்ல போய்ச் சேரும்.”

இங்கேயே இருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். நல்ல அக்காவாக இருந்தார், அவரையும் இந்த ஆள் கெடுத்துவிட்டார் என்று உள்ளே யாரோ சொன்னது கேட்டது. கல் மனசு என்றும் ஒரு குரல். எல்லாரும் அவருக்காக உருகிக்கொண்டிருந்த இடத்தில், கட்டிய மனைவி நான் ஒருத்தி மட்டும் துணி அளந்துகொண்டு நின்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டார்கள், ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டு, நல்லபடியாக முடிந்தது என்றார்.  அப்புறம் அவர் வானத்தைக் காட்டி, “நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் மேல இருக்கிறவன் பாத்துக்கிட்டான்” என்றார். அந்த மாடிக்கு மேலே இருப்பது கணக்குப் பிரிவு.

அவருக்குப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது, டாக்டர் என்ன சொன்னார் என்பதுதான். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். “அந்தம்மாவும் கைவிட்டாச்சா” என்றார். தையல்காரியாக எனக்கும் அது வருத்தம்தான். தைத்தவர் தைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

வார்டுக்கு மாற்றிய அன்றே வெளியே வராந்தாவில் பழைய சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷன் நடுவில் ஒரு தடவை நாடி இறங்கித் தேறியதாம். அந்த நேரத்தில் அறையில் மூன்று பேரில் யார் முறை வந்து வேண்டிக்கொண்டிருந்தார் என்பதில் சண்டை. ஊசி மயக்க மருந்து கொடுத்தவரிடமே போய் நேரம் விசாரித்து வந்திருந்தார். ஒரு பொருளுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள், பொருள் இங்கே படுத்திருக்கிறது, அதை ஒருத்தரும் கேட்கவில்லை என்றார் இவர். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். தையல் இழுத்ததால் நிறுத்திக்கொண்டார்.

“நீ?” என்றார்.

“நான் என்ன?”

“நீயும் உள்ள போனியா?”

“இல்ல. வாசல்ல நின்னேன்.”

“நின்னு?”

“ஒண்ணும் கேக்கல. சரின்னு சொன்னேன்ல.”

நல்லது என்று தலையாட்டினார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து, “மனசுக்குள்ளகூடவா?” என்றார்.

“மனசுக்குள்ளகூட.”

“ரொம்ப நேரம் ஆச்சுன்னு சொன்னாங்களே.”

“ஆமா.”

“அவ்வளவு நேரமுமா?”

“அவ்வளவு நேரமும்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உனக்குப் பயமாக இல்லையா என்று அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டார். இருந்தது என்றேன். சரி என்றார். நல்லது என்றார். ஆரஞ்சு வேண்டாம் என்றார்.

போதும் போதும் என்று தட்டுக்கு மேல் கையை வைத்து மறைக்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அவர் சொன்னதை நம்பிப் பரிமாறாமல் போய்விட்டால் அவர் முகம் எப்படி ஆகும்? அப்படித்தான் ஆனது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், ஊரே என் பேச்சை மீறியது, இவள் ஒருத்திதான் கேட்டாள் என்று பெருமையாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார். பெருமைக்கும் அந்தப் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது, இதயத்தில் வைத்துத் தைப்பதற்காகக் காலில் நரம்பு எடுத்த இடம் ஆறவில்லை. அடுத்த வாரம் மயக்கம் கொடுத்து மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். பெரிய ஆபத்து இல்லை என்றாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தான். நேற்று சாவியை என்னிடம் கொடுத்தார். திறக்கிற நேரம், பேட்டரி மாற்றுவது எல்லாம் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். மற்றதையும் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானே கேட்டேன், போன தடவை சொன்னது இந்தத் தடவைக்கும் உண்டா என்று.

“அது உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இந்தக் குழுவில் கடவுள் இல்லை என்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்கள் பதிவுகளைப் படித்திருக்கிறேன். உங்களைத்தான் கேட்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கிறவள் அதை அப்படியே கேட்டுவிட்டால் உங்களுக்கு வலிக்குமா? ‘உன் இஷ்டம்’ என்றால் என்ன அர்த்தம்? கடவுள் உண்டா இல்லையா என்கிற சண்டை வேண்டாம், அது எனக்கு வேலை இடத்திலேயே தேவைக்கு மேல் கிடைக்கிறது. நான் அன்றைக்கு உள்ளே போகவா, வாசலில் நிற்கவா என்று மட்டும் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எழுதினால் உதவியாக இருக்கும்.